பழங்கார்களின் வெப்பமானியும் யாழ்ப்பாணத்து அனுபவமும்
அளவெட்டியை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு கருவியின் வரலாறு பெரும்பாலும் அதனைக் கண்டுபிடித்தவரின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. அது பழுதுற்றபோது திருத்தியோரும், திருத்த வழியின்றி அதனோடு வாழப் பழகியோரும் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. கருவி பிறந்த நாட்டுக்கு இம்முறை ஓரளவு பொருந்தலாம். கருவிகளை இறக்குமதி செய்தே பயன்படுத்தி வந்த நாடொன்றிலோ, அவற்றின் வரலாற்றிற் பெரும்பகுதி கப்பலிலிருந்து இறக்கப்பட்டதன் பின்னரே நிகழ்கின்றது.

மோட்டார்க் காரின் முகப்புப் பலகையில் இயந்திரத்தின் வெப்பத்தைக் காட்டும் சிறு வட்டக் கருவி இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். ஓட்டுநர்கள் ஏனைய காட்டிகளைப் போலவே இதனையும் 'மீற்றர்' என்ற பொதுப்பெயரால் வழங்குவர். இக்கட்டுரையில் இது வெப்பமானி எனப்படும். இதன் ஊசி மெய்யான வெப்பத்திலும் கூடுதலாகக் காட்டுமாயின் விளைவது வீண் அச்சமே. குறைவாகக் காட்டுமாயின் இயந்திரத்தின் தலைப்பகுதி வளையும். அதற்கும் உருளைத் தொகுதிக்கும் இடையிலுள்ள காஸ்கெற் எரியும். ஈற்றில் இயந்திரமே இறுகி நிற்கும். உதிரிப்பாகங்கள் தாராளமாகக் கிடைக்கும் நாட்டில் இஃது ஒரு செலவு. அவை கிடைக்காத நாட்டில் இது காரின் முடிவு. இவ்வேறுபாடே ஒரு சிறு ஊசியின் பிழையை வரலாற்றுக்குரிய பொருளாக்குகின்றது.

அளவெட்டி என்னும் களம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கில், மல்லாகம், தெல்லிப்பழை, பண்டத்தரிப்பு ஆகிய ஊர்களுக்கு அண்மையில் அமைந்தது அளவெட்டி. செம்மண் தோட்டங்களாலும், கும்பிழாவளைப் பிள்ளையார் கோயிலாலும், அருணோதயாக் கல்லூரியாலும் அறியப்பட்ட ஊர் இது. கவிஞர் மஹாகவி பிறந்ததும் இவ்வூரிலேயே. நாதசுரக் கலைஞர் என். கே. பத்மநாதன், தவில் மேதை தெட்சணாமூர்த்தி ஆகியோரின் பெயர்களோடு இணைத்து இவ்வூர் பேசப்படுவதை இசையன்பர் அறிவர்.

இவ்வூரை இங்கு முன்னிறுத்துவதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, இது கிணற்று நீரை நம்பி வாழும் சுண்ணக்கல் நிலத்து ஊர். இரண்டாவது, இது தோட்டச் செய்கையால் இயந்திரப் பழக்கம் பெற்ற ஊர். மூன்றாவது, 1990க்குப் பிந்திய போர்க்காலத்தின் தட்டுப்பாடுகளையும் இடப்பெயர்வுகளையும் கண்ட வலிகாமத்தைச் சேர்ந்த ஊர். நீர், இயந்திரப் பழக்கம், தட்டுப்பாடு ஆகிய இம்மூன்றும் வெப்பமானியின் வரலாற்றோடு நேரடித் தொடர்புடையன. இம்மூன்றும் அளவெட்டிக்கு மட்டும் உரியனவல்ல. ஆயின் ஓரூரை மனத்திற்கொண்டு நோக்கும்போது குடாநாட்டின் பொது அனுபவம் தெளிவுறுகின்றது.

கருவியின் பிறப்பு

கார் இயந்திரத்தின் உருளைகளைச் சூழ்ந்தோடும் நீர் வெப்பத்தை ஏந்திச் சென்று, முன்புறத்து றேடியேற்றரில் அதனைக் காற்றுக்குக் கொடுத்து மீள்கின்றது. தொடக்ககாலக் கார்கள் பலவற்றில் இந்நீரைச் செலுத்தப் பம்பு இருக்கவில்லை. சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற இயற்கை நியதியே போதுமானதாகக் கருதப்பட்டது. ஒஸ்ரின் செவன் என்ற சிறு கார் இம்முறையிலேயே ஓடியது. அத்தகைய கார்களில் இயந்திரம் அளவுமீறிச் சூடேறியதை ஓட்டுநர் அறிந்தது பெரும்பாலும் ஆவி எழுந்த பின்னரே.

இக்குறையை நீக்க அமெரிக்காவிற் பொயிஸ் என்பவரின் பெயரால் 1910களில் ஒரு கருவி பரவியது. றேடியேற்றரின் மூடிமேல் நிறுத்தப்பட்ட வெப்பமானி அது. ஓட்டுநர் தமது இருக்கையிலிருந்தே கண்ணாடியூடாக அதனைப் பார்க்க முடிந்தது. பின்னர் றேடியேற்றர் முகப்புத் தகட்டினுள் மறைந்தது. வெப்பமானியும் காரின் உள்ளே இடம்பெயர வேண்டியதாயிற்று.

இவ்விடப்பெயர்வுக்கு உதவியது வேறொரு பழைய கண்டுபிடிப்பு. 1849இல் பாரிசைச் சேர்ந்த இயூஜின் பூர்டன் அழுத்தமானி ஒன்றுக்கு உரிமம் பெற்றார். வளைந்த, தட்டையான குழாய் ஒன்றினுள் அழுத்தம் கூடும்போது அக்குழாய் நிமிர முயலும். அவ்வசைவு சிறு நெம்புகளின் வழியாக ஊசியைத் திருப்பும். நீராவி இயந்திரங்களுக்கெனத் தோன்றிய இக்குழாயே பிற்காலத்துக் கார் வெப்பமானியின் உள்ளுறுப்பாயிற்று. இயந்திரத் தலைப்பகுதியின் நீரிலே ஒரு சிறு உலோகக் குமிழ் அமர்த்தப்படும். குமிழினுள் ஈதர் இருக்கும். ஏறக்குறைய 35 பாகையிற் கொதிக்கும் திரவமாதலின், நீர் சூடேறச் சூடேற அதன் ஆவியழுத்தம் விரைந்து பெருகும். தலைமயிரளவு துளையுடைய செப்புக் குழாயொன்று அவ்வழுத்தத்தை முகப்புப் பலகைக்கு எடுத்துச் செல்லும். இவ்வகைக் கருவிக்கு மின்சாரம் வேண்டியதில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பின்னர் இதன் பயன் புலப்படும்.

1960களில் வேறொரு வகை பரவலாயிற்று. இதில் நீரிலே அமர்வது வெப்பம் ஏற மின்தடை குறையும் பொருளாலான ஓர் உணரி. அதனூடாக ஓடும் மின்னோட்டம் முகப்பிலுள்ள ஈருலோகத் தகட்டைச் சூடாக்கி வளைக்க, ஊசி நகரும். காரின் மின்னழுத்தம் ஏறியிறங்கும் இயல்புடையதாதலின், அதனைச் சராசரி 10 வோற்று அளவில் நிறுத்துவதற்குச் சிறு சீராக்கி ஒன்றும் சேர்க்கப்பட்டது. பிரித்தானியக் கார்களுக்கு இவ்விருவகைக் கருவிகளையும் பெருமளவில் வழங்கியது ஸ்மித்ஸ் நிறுவனம்.

குடாநாட்டுக்கு வந்த கார்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இலங்கைக்கு வந்த கார்களுட் பிரித்தானியக் கார்களே மிகுதியாயிருந்தன. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் அறிமுகமாகி, 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் உற்பத்தியாயிற்று. 1947இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ 40 டெவன், 1952இல் அதனைத் தொடர்ந்த சோமசெற் ஆகியனவும் யாழ்ப்பாணத்து வீதிகளில் நிலைபெற்றன. திருமண ஊர்வலத்துக்கும், நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதற்கும், கோயில் திருவிழாவுக்கு மேளக்காரரை அழைத்துவருவதற்கும் வாடகைக்கு ஓடியவை இவையே.

இவற்றுள் மொறிஸ் மைனர் பொதுவாக வெப்பமானி இல்லாமலே விற்கப்பட்டது. எரிபொருளின் அளவைக் காட்டும் கருவி இருந்தது. இயந்திர வெப்பத்தைக் காட்டும் கருவி இருக்கவில்லை. குளிர்நாட்டுச் சிற்றூர்தியொன்றுக்கு அது தேவையற்ற செலவென வடிவமைத்தோர் கருதியிருத்தல் கூடும். வெப்பநாட்டு உரிமையாளரோ அதனைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. இவ்வாறு பின்னர் சேர்க்கப்பட்ட கருவிகளிலேயே பிழைக்கு இடம் மிகுதி. ஒருவகைக் காருக்குரிய உணரியை மற்றொருவகை மானியோடு இணைத்தால், இரண்டும் தத்தம் அளவிற் செம்மையாயிருந்தும் ஊசி பிழையான எண்ணையே காட்டும்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகக் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரையான காலத்தில் இக்கட்டுப்பாடு மேலும் இறுகியது. இதே கட்டுப்பாடுகள் வெங்காயம், மிளகாய் ஆகியவற்றின் இறக்குமதியையும் தடுத்தமையால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் வளமுற்றனர் என்பது பொருளியல் மாணவர் அறிந்ததே. அளவெட்டி போன்ற தோட்ட ஊர்களில் கையிற் பணம் இருந்தது. ஆயின் அப்பணத்தைக் கொண்டு வாங்கப் புதிய கார் இருக்கவில்லை. பழைய காரைப் பேணுவது விருப்பத்தின் பாற்பட்டதன்று, நிர்ப்பந்தமாயிற்று. மேலைநாடுகளில் 20 ஆண்டுப் பழமையுடைய கார் அரும்பொருட் சேகரிப்போரின் கைக்குச் சென்ற வேளையில், இங்கே அது நாளாந்தம் உழைத்துக்கொண்டிருந்தது.

சுண்ணக்கல் நிலத்தின் நீர்

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. மழைநீர் சுண்ணக்கற் பாறையினூடே கசிந்து நிலத்தடியிற் தங்க, கிணறுகளின் வழியாக அதுவே மீண்டும் மேலே வருகின்றது. அப்பாறையின் சுண்ணத்தை ஆதாரமாகக் கொண்டே அளவெட்டிக்கு அண்மையிலுள்ள காங்கேசன்துறையில் 1950இல் சீமெந்துத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. பாறையினூடே வந்த நீர் சுண்ணத்தைக் கரைத்துக்கொண்டே வருகின்றது. தேநீருக்கு நீர் சுடவைக்கும் கேத்திலின் அடியிற் படியும் வெண்ணிறப் படிவை யாழ்ப்பாணத்து இல்லங்களில் அறியாதார் இல்லர்.

கேத்திலில் நிகழ்வதே கார் இயந்திரத்திலும் நிகழ்கின்றது. கிணற்று நீர் றேடியேற்றரில் ஊற்றப்பட்டு, நாள்தோறும் சூடேறி, ஆவியாகிக் குறைந்து, மீண்டும் ஊற்றப்படுகையில், ஒவ்வொரு முறையும் சிறிதளவு சுண்ணம் உள்ளே தங்குகின்றது. வெப்பத்தைக் கடத்தும் ஆற்றலில் இப்படிவு செம்பினும் நூறு மடங்குக்கும் மேலாகத் தாழ்ந்தது. அஃது உருளைகளைச் சூழ்ந்து படியும்போது, உலோகத்தின் வெப்பம் நீருக்கு முழுமையாகச் சென்று சேர்வதில்லை. நீர் 85 பாகையில் இருக்க, உலோகம் அதனினும் மிக்க சூட்டில் இருக்கும்.

வெப்பமானியின் பிழை பற்றிய ஆராய்ச்சியில் இதுவே முதன்மையான செய்தி. இந்நிலையில் ஊசி பொய் சொல்லவில்லை. நீரின் வெப்பத்தை அது சரியாகவே காட்டுகின்றது. ஓட்டுநர் அறிய விரும்புவதோ இயந்திரத்தின் வெப்பத்தை. கேட்ட வினா ஒன்று. கருவி விடையிறுக்கும் வினா வேறொன்று. குமிழின் மீதே படிவு திரண்டுவிட்டால் மற்றொரு குறையும் சேர்கின்றது: செய்தி பிந்தி வருகின்றது. திடீரெனச் சூடேறும் இயந்திரத்தில் இப்பிந்துகை சில நிமிடங்களாயினும் அஃது ஆபத்தானதே.

இதனினும் கொடியது நீர் முற்றாகக் குறைந்த நிலை. குழாய் வெடித்து நீர் வடிந்துவிடின், குமிழ் நீரிலன்றிக் காற்றிலும் ஆவியிலும் நிற்கும். காற்று வெப்பத்தை நீரைப் போலக் கடத்தாது. ஆகவே இயந்திரம் எரியும் நிலையை அணுகும்போதே ஊசி கீழிறங்கக் காணலாம். ஏறிநின்ற ஊசி எக்காரணமுமின்றித் திடீரெனத் தாழ்ந்தால் ஆறுதல் அடைவது அறியாதவன் செயல். உடனே காரை நிறுத்துவது அறிந்தவன் செயல். யாழ்ப்பாணத்துக் கராச்சுகளில் ஒரு தலைமுறையிலிருந்து மற்றொரு தலைமுறைக்குச் சென்ற அறிவிற் பெரும்பகுதி எழுத்தில் இல்லாத இத்தகைய அறிவேயாகும்.

கொதிநீர் என்னும் அளவுகோல்

பிழையைத் திருத்துவதற்கு முன் பிழை எங்குள்ளது என்பதை அறிதல் வேண்டும். ஈதர்க் குமிழ் வகையிற் சோதனை எளிது. குமிழைக் கழற்றி, அடுப்பிற் கொதிக்கும் நீரில் அமிழ்த்தி, ஊசி எங்கு நிற்கின்றது எனப் பார்த்தல் வேண்டும். பழைய பிரித்தானியக் கருவிகள் பரனைற் அளவிற் குறிக்கப்பட்டவையாதலின் ஊசி 212இல் நிற்றல் வேண்டும். அது செல்சியசு அளவில் 100 பாகை.

இச்சோதனையில் யாழ்ப்பாணத்துக்கு இயற்கை ஒரு வசதியைத் தந்துள்ளது. நீரின் கொதிநிலை கடல்மட்டத்திலிருந்து மேலே செல்லச் செல்லக் குறையும். ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். அங்கு இதே சோதனையைச் செய்பவர் அவ்வேறுபாட்டைக் கழித்துக் கணக்கிட வேண்டும். குடாநாடோ கடல்மட்டத்துக்குச் சில மீற்றர் மேலே கிடக்கும் சமநிலம். அளவெட்டியில் ஒரு பானையிற் கொதிக்கும் நீர், எந்த ஆய்வுகூடத்துக்கும் கடன்படாத 100 பாகை அளவுகோலாகும். நாதசுரக் கச்சேரியில் ஒத்து எத்தகையதோ, வெப்பமானிக்குக் கொதிநீர் அத்தகையது. மற்றெல்லாம் அதனோடு ஒப்பிட்டே சரி அல்லது பிழை எனப்படும்.

ஊசி 212இல் நில்லாது சற்று விலகி நின்றால், அதனை அச்சிலிருந்து மெல்லக் கழற்றி உரிய இடத்தில் மீண்டும் அழுத்திவிடலாம். ஆயின் ஓரிடத்திற் சரிசெய்த ஊசி எல்லா இடத்திலும் சரியாக நிற்கும் எனக் கொள்ளலாகாது. நீரை ஆறவிட்டு, பாடசாலை ஆய்வுகூடத்து வெப்பமானியொன்றை உடன் வைத்து, 80 பாகையிலும் 60 பாகையிலும் ஒப்புநோக்குதல் வேண்டும். ஈதரின் ஆவியழுத்தம் சீராக ஏறாது, சூடு கூடக் கூட மிக விரைந்து ஏறும். ஆதலால் முகப்பிற் கீழெண்கள் நெருங்கியும் மேலெண்கள் விலகியும் எழுதப்பட்டிருக்கும். சிறு விலகல் மேற்பகுதியில் அற்பமாகத் தோன்றினும் கீழ்ப்பகுதியிற் பல பாகைகளாகிவிடும்.

செப்புக் குழாய் முறிந்து ஈதர் வெளியேறியிருந்தால் ஊசி அடியிலேயே கிடக்கும். அப்போது செய்யக்கூடியது ஒன்றே. மற்றொரு கருவியின் குமிழையும் குழாயையும் அதற்குரிய ஈதரோடு பெற்று, பழைய கருவியின் முகப்போடு ஈயத்தால் ஒட்டவைத்தல் வேண்டும். குழாயைத் துண்டிக்கும்போது ஈதர் ஆவியாகிப் போய்விடாதிருக்கக் குமிழை உப்பிட்ட பனிக்கட்டியில் அமிழ்த்தி வைத்திருத்தல் அவசியம். பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பழங்கார் ஆர்வலர் பலர் இம்முறையைக் கைக்கொள்வர். ஈதர் எளிதிற் தீப்பற்றும் பொருளாதலின் இது பொறுமையோடு எச்சரிக்கையையும் வேண்டும் வேலை.

மின்சார வகையிற் பிழையைத் தேடும் முறை வேறு. வெப்பமானி, எரிபொருள்மானி ஆகிய இரண்டின் ஊசிகளும் ஒருங்கே கூடுதலாகவோ குறைவாகவோ காட்டினால், இரண்டுக்கும் பொதுவான சீராக்கியிலேயே பழுது இருத்தல் வேண்டும். பல வேளைகளிற் சீராக்கி உடலோடு தொடும் இடத்திற் துருப்பிடித்திருப்பதே காரணமாகும். அவ்விடத்தைச் சுரண்டித் துப்புரவாக்கினால் இரு ஊசிகளும் தத்தம் இடத்துக்கு மீளும். வெப்பமானி மட்டும் பிழைத்தால் உணரியையும் அதன் கம்பியையும் ஐயுற வேண்டும். நீர் கசியாதிருக்க உணரியின் மரையிற் தடித்த நாடா சுற்றுவதும் மின்னிணைப்பைக் கெடுத்து ஊசியைத் தாழ்த்தும். ஒரு குறையை அடைக்கப் புகுந்த கை மற்றொரு குறையைத் திறந்துவிடும் விந்தை இது.

நீரின் குறைக்கு மருந்து நீரே. கார்த்திகை மாரியிற் தேக்கிய மழைநீரிற் சுண்ணம் இல்லை. அதனை ஊற்றும் இயந்திரத்திற் படிவு சேராது. சேர்ந்த படிவைக் கரைக்க மென்புளிமங்கள் உதவும். பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டு விளக்கும் அடுக்களையில் இவ்வேதியியலின் அடிப்படை முன்பே இருந்தது.

மண்ணெண்ணெய்க் காலம்

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமற் போயிற்று, புகையிரதமும் நின்றது. தடைசெய்யப்பட்ட பொருள்களுள் பெற்றோலும் மின்கலங்களும் அடங்கின. மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்த மண்ணெண்ணெய் விளக்குக்கும் நீரிறைப்புக்கும் மட்டுமன்றிக் காருக்கும் எரிபொருளாயிற்று.

புதிய யப்பானியக் கார்களிற் பல ஓடாது நிற்க, மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ 40உம் வீதிக்கு மீண்டன. இதன் காரணம் அவற்றின் பழமையே. உருளையினுள் எரிவாயுக் கலவை அமுக்கப்படும் விகிதம் அக்காலத்து இயந்திரங்களில் ஏறக்குறைய 7க்கு 1 என்ற தாழ்ந்த அளவினது. பிற்கால இயந்திரங்களில் அது 9க்கு 1ஐயும் கடந்தது. மண்ணெண்ணெய் உயர்ந்த அமுக்கத்தைத் தாங்காது. உரிய கணத்துக்கு முன்னரே வெடித்து இயந்திரத்தை அடிக்கும். போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் தரங்குறைந்த பெற்றோலுக்கென அமைத்த தாழ்ந்த அமுக்கம், 40 ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணத்திற் பயன்பட்டது. பின்னுக்குத் தள்ளப்பட்ட தொழினுட்பம் நெருக்கடியில் முன்னுக்கு வருதல் வரலாற்றில் இதுவே முதன்முறையன்று.

மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம் உலகுக்குப் புதிதுமன்று. 1917இல் வெளிவந்த போட்சன் உழவு இயந்திரம் பெற்றோலிற் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடியது. இத்தகைய உழவு இயந்திரங்களிற் பின்னர் வெப்பமானி முக்கிய உறுப்பாயிற்று. றேடியேற்றரின் முன் திரையிட்டு இயந்திரத்தைச் சூடாகவே வைத்திருப்பதும் வழக்கமாயிற்று. அளவெட்டித் தோட்டங்களிலும் இவ்வறிவு ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. துலா இறைப்பின் இடத்தை இயந்திர இறைப்புப் பிடித்த காலந்தொட்டு, சிறிது பெற்றோலில் இயந்திரத்தைத் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் முறையைத் தோட்டக்காரர் கைப்பழக்கமாகக் கொண்டிருந்தனர். கிணற்றடியிற் பயின்ற பாடம் வீதிக்கு வந்தது எனலாம்.

இங்கேதான் வெப்பமானியின் பணி மாறுகின்றது. பெற்றோலில் ஓடும் காருக்கு ஊசியின் மேலெல்லை ஒன்றே முக்கியம். ஆவி எழாதிருந்தாற் போதும். மண்ணெண்ணெயில் ஓடும் காருக்குக் கீழெல்லையும் அதேயளவு முக்கியமாகின்றது. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. காபரேற்றருக்குள் சிறிதளவு பெற்றோலைச் செலுத்தி இயந்திரத்தைத் தொடக்கி, அது போதிய சூடு பெற்றபின் மாற்றுதல் வேண்டும். ஊசி கூடுதலாகக் காட்டி முன்கூட்டியே மாற்றினால் வெண்புகை எழும், எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச்செய்யும், தாங்கிகள் தேயும். ஊசி குறைவாகக் காட்டிப் பிந்தி மாற்றினால் பெற்றோல் வீணாகும். பெற்றோல் சிறு போத்தல்களில் அளந்து பேணப்பட்ட நாள்களில், ஊசியின் பத்துப் பாகைப் பிழைக்கும் ஒரு விலை இருந்தது.

மேலெல்லையும் நெருங்கி வந்தது. முன்கூட்டிய வெடிப்பைத் தவிர்க்கத் தீப்பொறியின் நேரத்தைப் பிந்தச் செய்தனர். அவ்வாறு பிந்தும் எரிதல் இயந்திரத்தை மேலும் சூடாக்கும் இயல்புடையது. கீழே குளிரவும் கூடாது, மேலே கொதிக்கவும் கூடாது என்ற ஒடுங்கிய வழியில் இயந்திரம் ஓட வேண்டியிருந்தது. வெப்ப நாட்டில் வேண்டாத பொருளெனக் கழற்றி எறியப்படுவதுண்டாகிய தெர்மோஸ்ராற்று, இந்நிலையில் மீண்டும் மதிப்புடையதாகின்றது. ஏறக்குறைய 80 பாகையிற் திறந்து, அதுவரை நீரை உள்ளே தடுத்து நிறுத்தி, இயந்திரத்தை விரைவிற் சூடாக்குவது அதுவே.

தேவை உச்சத்தை அடைந்த வேளையிலேயே திருத்தும் வழிகள் அடைபட்டன. உதிரிக் கருவி வருவதற்கு வழி இல்லை. மின்சாரமற்ற ஊரிற் பனிக்கட்டி எளிதிற் கிடைக்கும் பொருளன்று. மின்கலத் தட்டுப்பாட்டில், மின்சார வகை மானி காரின் மின்கலத்தோடு சேர்ந்தே வலுவிழந்தது. மின்சாரம் வேண்டாத பழைய ஈதர்க் குமிழோ, கைப்பிடியாற் சுழற்றித் தொடக்கிய காரிலும் தன் கடமையைச் செய்தது. அதுவும் முறிந்த கார்களில் ஓட்டுநரின் புலன்களே மானியாயின. றேடியேற்றருக்குச் செல்லும் மேற்குழாயிற் கைவைத்துச் சூட்டை உணர்தல், புகையின் நிறத்தை நோக்கல், இயந்திரத்தின் அடியோசையைக் கேட்டல் ஆகியன அவ்வழிகள். ஆயின் 60 பாகைக்கு மேற்பட்ட சூட்டைக் கை தாங்காது. 80 பாகையையும் 100 பாகையையும் அது வேறுபிரித்தறிய மாட்டாது. அனுபவம் எத்துணைச் சிறந்ததாயினும் அளவையின் இடத்தை முற்றாக நிரப்பாது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். தட்டுப்பாட்டின் திறமையைப் போற்றும்போது தட்டுப்பாட்டையே போற்றிவிடுதல் தவறாகும்.

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிற் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். செம்மணி, நாவற்குழி வழியாகச் சென்ற வீதியில் நடந்து சென்றோரும் சைக்கிள்களும் உழவு இயந்திரங்களும் ஏனைய வாகனங்களும் மழையில் நெருக்குண்டு அடியடியாக ஊர்ந்தனர். நடைவேகத்துக்கும் குறைந்த வேகத்தில் மணிக்கணக்காக ஓடும் இயந்திரத்துக்கு முன்புறத்திலிருந்து வீசும் காற்றில்லை. மெதுவாகச் சுழலும் விசிறி மட்டுமே துணை. குளிராக்கும் தொகுதிக்கு இதனினும் கடுமையான சோதனை இல்லை. நோயாளரையும் முதியோரையும் ஏற்றிய வாகனம் அவ்வழியில் நின்றுவிடுமாயின் பின்னே வருவோர்க்கும் வழி இல்லை. வெப்பமானியின் ஊசி உண்மை சொல்லுகின்றதா என்ற வினா, கராச்சின் எல்லையைக் கடந்து எங்கு வரை செல்லக்கூடும் என்பதற்கு அவ்விரவு சான்றாகும்.

இன்றைய நிலை

1996இல் வலிகாமத்து மக்கள் திரும்பத் தொடங்கினர். 2009இல் போர் முடிந்தது. ஏ 9 வீதி மீண்டும் திறந்தது. 2014இல் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. புதிய கார்கள் பெருகின. மொறிஸ் மைனரும் ஏ 40உம் படிப்படியாக உழைப்பிலிருந்து ஓய்வுபெற்று, பேணுவோரின் பெருமைக்குரிய பொருள்களாயின.

புதிய கார்களின் வெப்பமானி ஒரு செய்தியால் ஆராயத்தக்கது. அவற்றுட் பலவற்றில் ஊசி எங்கு நிற்க வேண்டும் என்பதைக் கணினியே தீர்மானிக்கின்றது. நீரின் வெப்பம் பல பாகை ஏறியிறங்கினும் ஊசி நடுவிலேயே அசையாது நிற்கும்படி அது அமைக்கப்பட்டுள்ளது. ஊசி சற்று அசைந்தாலும் உரிமையாளர் அச்சமுறுவர் என்பதே காரணம். சில சிற்றூர்திகளில் ஊசியே இல்லை. ஒரு விளக்கு மட்டும் உண்டு. பழைய வெப்பமானி பழுதினாற் பிழைத்தது. புதியது திட்டமிட்டே ஒரு பகுதி உண்மையை மறைக்கின்றது. முன்னையதைக் கொதிநீரிற் சோதித்துத் திருத்தலாம். பின்னையதை அவ்வாறு அணுகுதல் இயலாது.

இவ்வரலாறு உணர்த்துவன இரண்டு. ஒரு கருவியைத் திருத்துவது ஊசியை இடம்மாற்றுவதோடு முடிவதில்லை. அவ்வூசி எதனை அளக்கின்றது, எதனை அளக்கவில்லை என்பதை அறிவதே திருத்தத்தின் முதற்படி. சுண்ணம் படிந்த இயந்திரத்திற் சரியான ஊசியும் வழிதவறச் செய்யும் என்பதனை இக்கிணற்று நீர் கற்பித்தது. மற்றையது, அவ்வறிவு பெரும்பாலும் ஏட்டிற் பதியாமல் கைகளிலேயே வாழ்ந்தது என்பது. கராச்சுகளிலும் தோட்டங்களிலும் அவ்வறிவைக் காத்தோர் முதுமையடைந்து வருகின்றனர். பொருளாதாரத் தடைக்காலத்தின் அரசியல் வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. அக்காலத்தில் இயந்திரங்களை ஓடவைத்தோரின் அனுபவங்களோ இன்னும் முறையாகத் தொகுக்கப்படவில்லை. ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொருவர் கையிலும் உள்ள இந்நாளில், அளவெட்டியிலும் அயலூர்களிலும் அவர்களிடம் சென்று கேட்டுப் பதிவுசெய்வது பல்கலைக்கழக மாணவர்க்கு இயலாத பணியன்று, காலந்தாழ்த்தத்தக்க பணியுமன்று.